கன்னத்தில் தெரிந்த வெள்ளை

தென்காசி டாக்டர் ஜன்னல் இடுக்குகளில் கறுப்புத் துணியைச் சொருகினார். விளக்கை அணைத்தார். பென்சில் கனத்தில் ஒரு குழாயை என் வாய்க்குள் வைத்தார். அதன் நுனியில் கடலைப்பருப்பு அளவுக்கு ஒரு பல்பு. "உதட்டை இறுக்கி மூடு தம்பி" என்றார். மூடினேன். எதிர்ச் சுவரில் தொங்கிய கண்ணாடியில் என் முகம் இருட்டுக்குள்ளிருந்து எழுந்து வந்தது. வலது கன்னம் மாதுளைத் தோல் போலச் சிவந்து ஒளிர்ந்தது. கண்ணுக்குக் கீழே பிறை மாதிரி ஒரு வெளிச்சம். இடது கன்னம் எரியவே இல்லை. அங்கே முகமே இல்லாதது போலிருந்தது.

பயந்திருக்க வேண்டிய நேரம். எனக்கோ உடம்பெல்லாம் பரபரவென்று இருந்தது. கத்தி வைக்காமல் ஒரு மனிதனின் எலும்புக்குள் எட்டிப் பார்த்துவிடலாம் என்ற எண்ணம் அந்த இருட்டறையில்தான் என்னைப் பிடித்தது. பௌதிகத்தில் பட்டம் வாங்கி, உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் தற்காலிக வாத்தியாராக இருந்த எனக்கு, வெளிச்சம் எதை ஊடுருவும், எதில் நிற்கும் என்பது புத்தகத்துச் சங்கதி. இப்போது அது என் சொந்தக் கன்னத்துச் சங்கதியாகிவிட்டது.

டாக்டர் விளக்கைப் போட்டுவிட்டு விளக்கினார். முகத்து எலும்பு முழுக்கக் கெட்டி இல்லை. கன்னத்துக்கு ஒன்றாக இரண்டு அறை, புருவத்துக்கு மேலே இரண்டு, மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவே தேன்கூடு மாதிரிச் சின்னச் சின்ன அறைகள். எல்லாவற்றிலும் காற்றுதான் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மூக்குக்குள் திறக்கும் வாசல் உண்டு. ஆனால் கன்னத்து அறைக்கு வாசல் கூரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. உள்ளே சளி தங்கினால் தானாக வடியாது. தங்கித் தங்கிச் சீழாகும், உள்தோல் தடிக்கும். ஊரில் பீனிசம் என்கிறோமே, அது இதுதான். எனக்கு அது வருஷக் கணக்கில் இருந்தது. தலை கவிழ்ந்தால் கன்னம் கனக்கும், ஒரு மூக்கில் நாற்றம், மேல்பல் வலிக்கும்.

"இருட்டா இருக்குன்னா உள்ள சீழ் இருக்கலாம். சதை வீங்கியிருக்கலாம். எலும்பே பிறவியில தடிப்பா இருக்கலாம். இந்தப் பல்பு அம்புட்டுத்தான் சொல்லும்" என்றார் டாக்டர். "மூக்கு வழியா ஒரு ஊசியை விட்டு வெந்நீரைப் பாய்ச்சினா என்ன இருக்கோ அது வெளிய வந்து விழுந்திரும். இங்கனயே செஞ்சிரலாம்."

"எக்ஸ்ரே எடுத்தா?"

"எடுக்கலாம். திருநெல்வேலிக்குப் போணும். ஆனா தம்பி, படம் சொல்லுதது நெழல். ஊசி சொல்லுதது சீழ்."

"படமே எடுத்துரலாம் டாக்டர்" என்றேன். ஊசியின் நீளத்தை அதற்குள் பார்த்துவிட்டிருந்தேன். பயம் பாதி, ஆசை பாதி. என் எலும்பை என் கண்ணால் பார்க்கும் ஆசை.

*

அன்றே ஒரு டார்ச் பல்பு, இரண்டு கட்டைப் பேட்டரி, கொஞ்சம் வயர் வாங்கிக்கொண்டு குற்றாலத்துக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். எனக்குப் பெற்றோர் இல்லை. கோமதி அக்காதான் எல்லாம். அத்தான் அருவிக்குப் போகும் வழியில் எண்ணெய்க் கடை வைத்திருந்தார். சீசன் வந்தால் குளிக்க வருகிறவர்களுக்கு நல்லெண்ணெயும் மூலிகைத் தைலமும் துண்டும் விற்பார். சாரல் தொடங்கிவிட்டது. கடை வாசலில் ஈரத் தலைகளும் வெற்று முதுகுகளுமாகக் கூட்டம்.

பல்பைக் கழுவி, மெல்லிய ரப்பரைச் சுற்றி, அடுக்களையை இருட்டாக்கி, முதலில் அத்தானின் வாய்க்குள் வைத்தேன். இரண்டு கன்னமும் எரிந்தன.

"ஏட்டி கோமதி, இங்கன வந்து பாரு! ஒன் தம்பி என்னைக் கார்த்திகை வெளக்காக்கிட்டான்" என்று பல்பை வெளியே எடுத்துவிட்டு அத்தான் சிரித்தார்.

"வாயை மூடுங்க, கரண்டு அடிச்சிரப் போவுது" என்றாள் அக்கா. பிறகு அவளும் வைத்துக்கொண்டாள். அவளுக்கும் இரண்டு பக்கமும் செந்நிறம். எனக்கு மட்டும் இடது பக்கம் அணைந்தே கிடந்தது. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா சட்டென்று விளக்கைப் போட்டுவிட்டாள்.

"பாத்தது போதும். சவம், இதையெல்லாம் பாக்கக் கூடாது."

அக்காவுக்குத் தெரிந்த வைத்தியம் வேறு. அத்தான் கடைக்குத் தைலம் காய்ச்சிக் கொடுக்கும் வைத்தியர் ஒரு கறுத்த மெழுகு கொடுத்திருந்தார். ஆமணக்கெண்ணெயில் மிருதார்சிங்கி என்ற மருந்துச் சரக்கைப் போட்டுக் காய்ச்சி இறக்கியது. தலைச்சுழி மேல் அப்பி வைத்தால் தலையில் கோத்த நீரை இழுக்கும், ஒரு மண்டலம் எடுக்கக்கூடாது என்று கட்டளை. வாரம் தவறாமல் அக்கா என்னை உட்கார வைத்து, முடியை விலக்கி, சுழி மேல் அதை அழுத்துவாள். என் சுழி உச்சிக்குச் சற்றுப் பின்னால், இடப்பக்கம் ஒதுங்கியிருக்கும். மெழுகு காய்ந்தால் தார் மாதிரிப் பிடித்துக்கொள்ளும். மேலே முடி படிந்தால் வெளியே தெரியாது. கொஞ்ச நாளில் எனக்கும் அது தலைக்கு எண்ணெய் வைப்பது போல ஆகிவிட்டது. ஒன்று இருக்கிறது என்பதே மறந்துபோனது.

அவள் மெழுகு அப்பும்போது நான் எக்ஸ்ரேயைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அந்தக் கதிர் சதையை ஊடுருவும், எலும்பில் தயங்கும், ஈயத்தில் நின்றேவிடும். அதனால்தான் படம் எடுக்கிறவர் ஈயத்தகடு வைத்த உடுப்பு போட்டுக்கொள்வார் என்றெல்லாம் சொன்னேன்.

"சரிலே, தலையை ஆட்டாதே" என்றாள் அக்கா.

*

ஆலங்குளம் வழியாகப் பஸ்ஸில் போனோம், நானும் அத்தானும். திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். எக்ஸ்ரே அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்களில் பாதிப் பேர் இருமினார்கள். ஒவ்வொரு தடவை கதவு திறந்தபோதும் உள்ளேயிருந்து குளிர்ந்த, புளித்த ஒரு மருந்து வாடை வந்தது. பிலிம் கழுவும் மருந்து அது.

எக்ஸ்ரேக்காரர் கழுத்துச் சங்கிலி, மோதிரம், கைக்கடிகாரம், அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். "வேற உலோகம் ஏதும் உண்டா?" என்றார். "கிடையாது" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். மேஜையில் குப்புறப் படுக்க வைத்து, மூக்கும் தாடையும் தகட்டில் படும்படி முகத்தைத் தூக்கி நிறுத்தினார். காதுகளைப் பிடித்துக் கோணல் சரிசெய்தார். குழாய் என் பின்னந்தலைக்கு மேலே நின்றது. கதிர் பின்னந்தலையில் நுழைந்து கன்னத்து வழியாக வெளியேறித் தகட்டில் விழும். இப்படித் தாடையைத் தூக்கி எடுப்பது எதற்கென்று அவரையே கேட்டேன். நேராக எடுத்தால் காதுக்குப் பின்னால் இருக்கும் கெட்டி எலும்பின் நிழல் கன்னத்து அறைமேல் விழுந்து மறைத்துவிடுமாம். தாடையைத் தூக்கினால் அது கீழே இறங்கிவிடும். எனக்கு அது அபாரமாகப் பட்டது. மூச்சைப் பிடித்தேன். இயந்திரம் ஒரு முறை முனகியது. அவ்வளவுதான்.

ஈரம் காயாத பிலிமைப் பெரிய டாக்டர் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடிக்கு மேலே இன்னொரு தடவை பார்த்தார். என்னை வெளியே போகச் சொல்லியிருப்பார். நான்தான் பக்கத்தில் போய் நின்றேன்.

"நீர் என்ன படிச்சிருக்கீர்?"

"பி.எஸ்ஸி. பௌதிகம்."

"அப்ப ஒளிச்சுப் பிரயோஜனமில்லை. கறுப்புன்னா காத்து. இந்தா, வலது பக்கம் கறுப்பு. இடது பக்கம் பாரும்."

இடது கன்னம் வெள்ளை. சாம்பல் இல்லை, புகை இல்லை. சுண்ணாம்பு பூசினது போல வெள்ளை. அதன் ஓரம் பிய்ந்து கிடந்தது. கண்குழிக்கு அடியில் வலப்பக்கம் மெல்லிய கோடாகத் தெரிந்த எலும்பு, இடப்பக்கம் தெரியவில்லை.

"மூக்குல ரத்தம் வருதா?"

"சளியோட எப்பவாவது வரும்."

அவர் அத்தானைத் தனியே அழைத்துப் பேசினார். திரும்பி வந்த அத்தான் என்னைப் பார்க்காமல் தன் துண்டை மடித்துக்கொண்டே இருந்தார். நான் கேட்டேன். சொல்ல மாட்டேன் என்றார். மறுபடி கேட்டேன்.

"கட்டியா இருக்கலாமாம் மாப்ளே. கெட்ட கட்டி. எலும்பை அரிச்சிருக்கோன்னு சந்தேகமாம். அப்படியிருந்தா மேல்தாடையில பாதியை எடுக்கணுமாம். கண்ணு... கண்ணைப் பத்தி மெட்ராஸ்லதான் சொல்லுவாகளாம்."

ஊசி போட்டுப் பார்க்கலாமே என்று நானே கேட்டேன். கட்டியாக இருந்தால் ஊசி குத்துவது அதைக் கிளறிவிட்டதாகிவிடும், படம் இப்படிச் சொல்லும்போது குத்த மாட்டேன் என்றார் பெரிய டாக்டர். ஊசிக்குப் பயந்து நான் கேட்டு வாங்கிய படம் ஊசிக்கே கதவைச் சாத்திவிட்டது.

*

மெட்ராஸுக்கு எழுதிப் பதில் வரும்வரை என்னை வார்டில் சேர்த்தார்கள். பென்சிலின் ஊசி போட்டுப் போட்டு இடுப்பு இரண்டு பக்கமும் கல்லாகிவிட்டது. பகலெல்லாம் ஒரு கெட்ட பழக்கம் பிடித்துக்கொண்டது: சவரக் கண்ணாடியை எடுத்து, முகத்தின் இடது பாதியை உள்ளங்கையால் மறைத்துப் பார்ப்பேன். மிச்சம் இருப்பது யார் என்று பார்ப்பேன். பள்ளிக்கூடத்தில் கரும்பலகைக்கு முன்னால் அந்த மிச்சம் நிற்கிறது, பையன்கள் பார்க்கிறார்கள். அங்கேயே கண்ணாடியைக் கவிழ்த்துவிடுவேன்.

பக்கத்துக் கட்டில்காரர் சங்கரலிங்கம் அண்ணாச்சி. புளியங்குடியில் எலுமிச்சங்காய்க் கமிஷன் மண்டி. ஆள் தூண் மாதிரி. அவருக்கு நெற்றியில் வலி. காலையில் தொடங்கி, வெயில் ஏற ஏற ஏறி, உச்சியில் உயிரை எடுத்து, சாயங்காலம் தானாக இறங்கிவிடும். புருவத்துக்கு மேலே உள்ள அறைகளில் நோய் என்று சந்தேகம். அவருக்கும் படம் எடுத்தார்கள். படுக்க வைத்துத்தான் எடுத்தார்கள்; உட்கார வைத்து எடுக்க அங்கே வசதி இல்லை.

படம் சுத்தம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, வித்தியாசம் இல்லை என்றார் டாக்டர். இன்னும் சில நாள் இருந்து ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னார். அண்ணாச்சி கேட்கவில்லை.

"காய் மரத்துல இருந்து விழுதுல்லா? லாரிக்காரன் காத்துக்கிட்டு இருக்கான். படத்துல ஒண்ணுமில்லைன்னு எழுதிட்டாருல்லா, பெறகு இங்கன எனக்கு என்ன சோலி?"

"வலி இருக்கே அண்ணாச்சி?"

"ஏ படக்காரரே, ஒம்ம படத்துல இருக்கிறதை நீரு பாத்துக்கிடும். எம் படம் கண்ணாடி மாதிரி இருக்கு" என்று சிரித்தார். சிரித்த மாத்திரத்தில் வாயை மூடிக்கொண்டு என் கட்டிலில் வந்து உட்கார்ந்தார். "கோட்டித்தனமாச் சொல்லிட்டேன், மனசுல வச்சுக்கிடாதிய. மெட்ராஸ்ல பெரிய டாக்டர்மாரு இருக்காவ. தாடை போனாலும் ஆளு இருந்தாப் போதும்லா."

போகும்போது ஒரு துணிப்பை நிறைய எலுமிச்சங்காயை என் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனார்.

அக்கா வரும்போதெல்லாம் தூக்குச்சட்டியில் கஞ்சியும் தேங்காய்த் துவையலும் கொண்டுவருவாள். நான் குடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். குடித்து முடித்ததும் என் தலையை மடியில் இழுத்துக்கொண்டு முடியைக் கோதுவாள். அவள் விரல் சுழியைத் தேடி அழுத்தும். முந்தானையில் மெழுகு முடிந்து கொண்டுவந்திருப்பாள். பழையதன் மேலேயே புதியது.

"மண்டலம் முடிய இன்னும் நாள் இருக்கு. நடுவுல விட்டுறக் கூடாது பாத்துக்கிடு."

அவள் கண்ணீர் என் காதில் விழுந்தது. நான் தூங்குவது போலக் கிடந்தேன்.

*

மெட்ராஸிலிருந்து வந்த பதிலில், அனுப்புவதற்கு முன் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துச் சேர்க்கும்படி கேட்டிருந்தார்கள். கட்டி பின்னால் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்க. முகம் தகட்டில் பட எடுத்த முன்படம் அகலத்தையும் உயரத்தையும்தான் சொல்லும். எது முன்னால் இருக்கிறது, எது பின்னால் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. கதிர் வரும் வழியில் உள்ளதெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே தகட்டில் வந்து படிந்துவிடும். இது எனக்குப் புத்தகத்தில் தெரிந்ததுதான். என் தலைக்கு அதைப் பொருத்திப் பார்க்கத் தோன்றவில்லை.

என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்து எடுத்தார்கள். பெரிய டாக்டர் பிலிமை ஜன்னலுக்குத் தூக்கினார். அக்கா, அத்தான், நான் மூன்று பேரும் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றோம். பிறகு பிலிமைத் திருப்பிப் பிடித்தார். மறுபடி திருப்பினார்.

"கன்னத்துல அந்த வெள்ளை இல்லையே."

"இது என்னவே, தலைக்கு வெளிய?"

மண்டையோட்டின் கோட்டுக்கு வெளியே, பின்னுச்சியில், ஒரு வெள்ளைத் திட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. தலையில் வந்து உட்கார்ந்த காக்கை மாதிரி.

டாக்டர் என்னை இழுத்து முடிக்குள் விரலை விட்டார். விரல் நின்ற இடத்தில் எனக்கே எல்லாம் விளங்கிவிட்டது. மிருதார்சிங்கி என்பது ஈயத்தின் ஒரு வகைதான். பின்னுச்சியில் இருந்த அதன் நிழல்தான் முன்படத்தில் கன்னத்தின்மேல் விழுந்திருக்கிறது. ஈயத்தைத் தலையில் வைத்துக்கொண்டு அக்காவுக்கு ஈயத்தைப் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறேன்!

"என்ன எழவு இது?"

"நீருக்குப் போட்ட மெழுகு டாக்டரய்யா" என்றாள் அக்கா.

"நீருக்குப் போட்டீங்களா? இந்த மெழுகுக்காக இவரு தாடையை எடுத்திருப்பாங்கம்மா!" என் பக்கம் திரும்பினார். "ஓய் பி.எஸ்ஸி., உலோகம் உண்டான்னு கேட்டதுக்கு என்ன சொன்னீர்?"

"கிடையாதுன்னு சொன்னேன்."

"நல்லாப் படிச்சீர் போம்."

அக்கா வராந்தாவில் போய் உட்கார்ந்துகொண்டாள். அத்தான் அவளைத் தேற்றப் போய், "வைத்தியர் நீரை இழுக்கும்னாரு, ஆளையே மெட்ராஸுக்கு இழுத்துட்டுல்லா" என்றார். அவள் அழுதுகொண்டே அவரை அடித்தாள். நான் சிரித்தேன். அந்த வார்டில் நான் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

மெழுகு சீயக்காய்க்கும் மண்ணெண்ணெய்க்கும் அசையவில்லை. மொட்டையடிக்க வேண்டியதாயிற்று. பிறகு மறுபடியும் முன்படம் எடுத்தார்கள். கண்ணுக்கு அடியில் எலும்புக் கோடு முழுசாக இருந்தது. கட்டி இல்லை. ஆனால் இடது கன்னம் கறுப்பும் இல்லை. மழைக்கால வானம் மாதிரிச் சாம்பல். சீழா, தடித்த தோலா என்று படம் சொல்லவில்லை.

"இப்ப ஊசிதான்" என்றார் டாக்டர்.

தென்காசி டாக்டர் முதல் நாளே சொன்னது அது. மரத்துப்போகும் மருந்தில் நனைத்த பஞ்சை மூக்குக்குள் அடைத்து, காத்திருந்து, பிறகு ஊசியை உள்ளே விட்டு மூக்கின் பக்கச் சுவரில் அழுத்தினார். வலியைவிடச் சத்தம்தான் கொடுமை. முட்டை ஓடு உடைவது போல மண்டைக்குள்ளேயே கேட்டது. வெதுவெதுப்பான உப்புநீர் கன்னத்துக்குள் புகுந்து நிரம்பிக் கண்ணை வெளியே தள்ளுவது போல முட்டியது. நான் குனிந்து பிடித்திருந்த எனாமல் தட்டில் திரிந்த பால் மாதிரிக் கட்டி கட்டியாக விழுந்தது. அந்த நாற்றத்தை எழுத வரவில்லை. அது எனக்குள் இருந்திருக்கிறது. அதோடுதான் நான் வகுப்பெடுத்திருக்கிறேன். அத்தான் தட்டை எட்டிப் பார்த்துவிட்டு வெளியே ஓடினார். அக்கா மட்டும் என் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சில நாள் இடைவெளிவிட்டுத் திரும்பத் திரும்பக் கழுவினார்கள்.

*

நான் வீட்டுக்குக் கிளம்ப இருந்த சமயத்தில் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. எலுமிச்சங்காய் மூட்டைகளை ஒதுக்கி, நடுவில் பாய் விரித்துச் சங்கரலிங்கம் அண்ணாச்சியைக் கிடத்தியிருந்தார்கள். வலது கண்ணிமை பழுத்த பழம் மாதிரி வீங்கி மூடியிருந்தது. நெற்றி பொதபொதவென்று உப்பியிருந்தது. பக்கத்தில் போய், "அண்ணாச்சி, நான் படக்காரன்" என்றேன். திறந்திருந்த கண் என்மேல் நின்றது. ஆனால் என்னைப் பார்க்கவில்லை. ஏதோ விலை சொல்லிக்கொண்டிருந்தார். மண்டியில் ஏலம் விடுகிற குரலில், யாருக்கோ.

நெற்றி அறையின் பின்சுவர் மெல்லிய தகடு. அதற்கு அப்பால் மூளை. சீழ் அந்தச் சுவரைத் தாண்டிவிட்டது என்றார்கள். புருவத்தைக் கீறிச் சீழை வடித்தார்கள். மறுநாள் பகல் வெயில் உச்சிக்கு ஏறிய நேரத்தில் இறந்துபோனார். அவர் மனைவி கையில் சுத்தமென்று எழுதிய பழைய சீட்டை வைத்துக்கொண்டு, அதை யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் வராந்தாவில் நின்றார். எலுமிச்சை வாசம் அவர் புடவையிலும் இருந்தது.

அன்று மாலை பெரிய டாக்டரின் அறைக்குப் போனேன். வெளிச்சப் பெட்டியில் இரண்டு படங்கள் மாட்டியிருந்தன. ஒன்று என் முதல் படம். இன்னொன்று அண்ணாச்சியுடையது.

"உட்காரும்" என்றார்.

என் படம் கூச்சல் போட்டது. அது சொன்னது பொய். அண்ணாச்சியின் படம் வாயே திறக்கவில்லை, அதுவும் பொய்தான். டாக்டரே பேச்சை எடுத்தார்.

"சுத்தம்னு சொன்னது நான்தான். ஒரு பக்கத்தை மறு பக்கத்தோட ஒப்பிட்டுத்தான் பாக்குறோம். இவருக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணு போலக் கெட்டிருந்தது. வித்தியாசம் எங்கேருந்து தெரியும்? படுக்க வச்சு எடுத்தா சீழ் அறை பூராவும் பரவி மெல்லிசா நிக்கும். லேசாச் சாம்பல் அடிக்கும். எக்ஸ்ரே கொஞ்சம் கம்மியா விழுந்திருக்கும்னு நெனைச்சுக்கிட்டேன்."

நான் அவர் மேஜை மேல் இருந்த மைப்புட்டியை எடுத்தேன். மூடியைத் திருகி இறுக்கிவிட்டுப் படுக்க வைத்தேன். பாதி மை, ஆனால் மேலேயிருந்து பார்த்தால் புட்டி முழுக்கக் கறுப்பு. நிமிர்த்தினேன். மை கீழே இறங்கி, மேலே காற்று நின்று, நடுவே ஒரு நேர்க்கோடு விழுந்தது.

"உட்கார வச்சு எடுத்தா இந்தக் கோடு தெரியும் டாக்டர். ரெண்டு பக்கமும் கெட்டிருந்தா ரெண்டு கோடு தெரியும்."

"ஓய், அது எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சீரா? புஸ்தகத்துல இருக்கு. குழாயைப் பக்கவாட்டுல திருப்பிரலாம். தகட்டை நிறுத்தி வைக்க, நோயாளி தாடையை அசையாம வைக்க இங்க என்ன இருக்கு? கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சு."

"நான் செஞ்சு கொண்டாரேன்."

அவர் என் மொட்டைத் தலையைப் பார்த்தார். நான் எதிர்பார்த்த கேலி வரவில்லை.

"கொண்டாரும். ஆனா முதல்ல உம்ம தலையைத்தான் அதுல வைப்பேன்."

*

இப்போது தென்காசியில் இருக்கிறேன். தெருவில் பார்க்கிறவர்களெல்லாம், "திருச்செந்தூர் போயிட்டு வந்தியாக்கும்?" என்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன்.

பலா மரத்தில் நாற்காலி தயாராகிவிட்டது. முன்னால் ஒரு நிமிர்ந்த சட்டம், தகடு செருக ஒரு பள்ளம், தாடைக்கு ஒரு குழிந்த கட்டை. ஆணி ஒன்றுகூடக் கூடாது, எல்லாம் மரமுளைதான் என்றேன். ஆசாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆணியில்லாம ஊஞ்சல் செஞ்சிருக்கேன், தொட்டில் செஞ்சிருக்கேன். மூஞ்சியைச் சாத்தி வைக்க நாற்காலி இப்பத்தான் செய்யுதேன்" என்றார். ஆணி படத்தில் விழும் என்று சொன்னேன். எப்படி விழும் என்று கேட்டார். என் தலையைக் காட்டிக் கதையைச் சொன்னேன்.

எனக்கு இரண்டு நாளாக இடது மேல்பல் மறுபடி வலிக்கிறது. குனிந்தால் கன்னம் கனக்கிறது. கழுவியதெல்லாம் போதவில்லை என்று தோன்றுகிறது. உள்தோல் குணமாகாமல் சீழ் திரும்பத் தங்கினால், மேலுதட்டுக்குள் கீறிக் கன்னத்து எலும்பில் ஜன்னல் வெட்ட வேண்டியிருக்கும் என்று பெரிய டாக்டர் முன்பே சொல்லியிருக்கிறார். இருட்டில் பல்பு வைத்துப் பார்க்கலாம். பார்க்கவில்லை. அக்கா பேட்டரியை எடுத்து ஒளித்துவிட்டாள், நானும் தேடவில்லை.

திங்கட்கிழமை நாற்காலியைப் பஸ்ஸின் மேலே கட்டித் திருநெல்வேலிக்கு எடுத்துக்கொண்டு போகிறோம். டாக்டரிடம் பேசி முடிவு செய்தாகிவிட்டது. முதலில் படுக்க வைத்து ஒரு படம். அடுத்து நாற்காலியில் உட்கார வைத்து ஒன்று. பக்கவாட்டில் ஒன்று. அவற்றைக் கழுவிக் காயவைப்பதற்குள் யாரும் அபிப்பிராயம் சொல்லக்கூடாது. காய்ந்ததும் டாக்டர் பார்த்து, உள்ளே சீழ் இருக்கிறதா இல்லையா என்று ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். அதன் பிறகு ஊசி. தட்டில் என்ன விழுகிறதோ அதுதான் தீர்ப்பு. உட்கார்ந்து எடுத்த படம் சொன்னதும் தட்டு சொன்னதும் ஒன்றாக இருந்தால், இன்னும் சிலருக்கும் இப்படியே எடுத்துப் பார்த்து, பிறகு தலைவலி என்று வரும் எல்லோரையும் நாற்காலியில் உட்கார வைப்பதாக டாக்டர் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

கோடு தெரிய வேண்டும் என்று விரும்புகிறேனா, தெரியக் கூடாது என்று விரும்புகிறேனா என்று என்னைக் கேட்டால் பதில் சொல்ல மாட்டேன். தெரிந்தால் நாற்காலி பிழைக்கும், கத்தி எனக்கு. தெரியாமல், தட்டிலும் ஒன்றும் விழாமல் போனால் நான் தப்பித்தேன். ஆனால் அண்ணாச்சியின் படத்துக்குப் பதில் சொல்ல இன்னொரு தலை வரும்வரை காத்திருக்க வேண்டும்.

சற்று முன் அக்கா வந்தாள். விளக்கடியில் என்னை உட்கார வைத்து, மொட்டைத் தலையை ஒரு விரற்கடை விடாமல் தடவிப் பார்த்தாள். காதுக்குப் பின்னால், பிடரியில், புருவத்தில்.

"ஒண்ணுமில்லை" என்றாள். பிறகு தன் விரல்களையும் விளக்கில் காட்டிப் பார்த்துக்கொண்டாள். "திங்கக்கிழமை பஸ் ஏறுத வரைக்கும் ஒருத்தரும் ஒன் தலையைத் தொடக்கூடாது. நானும் தொட மாட்டேன்."